மேனமாமா மடி

பத்திரிகையில் தாய்மாமன் பெயர் மாறியிருந்தது.

அச்சுப் பிழை என்றுதான் சென்னய்யா முதலில் நினைத்தான். அவன் கல்யாணப் பத்திரிகையில் அவனைச் சின்னய்யா ஆக்கிய அச்சகம்தான் இதையும் அடித்திருந்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தான். தங்கை சுபத்ராவின் மகள் ரோஷினிக்கு, சுபத்ராவின் புகுந்த வீட்டுக் குலசாமி கோயிலில், வருகிற ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. நாள், நேரம், மதிய விருந்து எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கீழே தடித்த எழுத்தில் 'தாய்மாமன்' என்று போட்டு, அதற்கு நேரே 'அசோக்' என்று இருந்தது.

அசோக் சென்னய்யாவின் சித்தப்பா மகன். நல்ல பையன்தான். ரோஷினிக்கு அவனும் ஒரு முறையில் மாமன். ஆனால் சுபத்ராவோடு ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது சித்தப்பா மகனை எதற்குத் தேடிப் பிடிக்க வேண்டும்? இன்னொன்றையும் அவன் அப்போதுதான் கவனித்தான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து வீடு தேடி வந்து கொடுக்க வேண்டிய பத்திரிகை, தபால்தலை ஒட்டி வந்திருந்தது.

மனைவி அஷ்வினி வாங்கிப் படித்தாள். ஒரு தடவைதான் படித்தாள்.

"இது பிழை இல்லைங்க. திட்டம் போட்டுப் பண்ணது" என்றாள்.

அவர்கள் நெசவுக்காரக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் வீட்டுக்குள்ளேயும் தமிழ்தான். திட்டுவதற்கு அது வசதியாக இருக்கிறது என்று சென்னய்யா சொல்வான். தாய்மாமனை அவர்கள் 'மேனமாமா' என்பார்கள். காது குத்தும்போது பிள்ளை மேனமாமா மடியில்தான் உட்கார வேண்டும். அந்த மடியை மாற்றுவது என்றால் ஆளையே உறவிலிருந்து கழற்றி எறிவது என்றுதான் அர்த்தம். அதுவும் எப்பேர்ப்பட்ட ஆளை! அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது சென்னய்யாவுக்குப் பத்தொன்பது வயது, சுபத்ராவுக்குப் பன்னிரண்டு. அவளுக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவன் அவன். கோணல் மாணலாகத்தான் பின்னினான். ஆனால் ஒரு நாள் தவறாமல் பின்னினான்.

"அந்தப் பேச்சுப் பேசும்போதே நெனச்சேன்" என்றாள் அஷ்வினி. "வீடியோ எடுக்குறாகளேன்னு."

விஷயம் அந்த வீடியோதான்.

அதைச் சொல்வதற்கு ஐந்து வருடம் பின்னால் போக வேண்டும். சென்னய்யா வேலை பார்ப்பது பன்னிரண்டு விசைத்தறி ஓடும் ஒரு கூடத்தில். கூட வேலை பார்த்தவனின் வீட்டம்மாவுக்கு ஆபரேஷன், ரத்தம் வேண்டும் என்றார்கள். போய்ப் படுத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் தந்த பிஸ்கட்டையும் தின்றுவிட்டு வந்தான். நாலாம் நாள் ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. அவன் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருக்கிறதாம். ஈரலைப் பிடிக்கிற கிருமி.

காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, கண்ணில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. இருந்தாலும் தெருவே கூடி அதற்கு மஞ்சக்காமாலை என்று பெயர் வைத்தது. மஞ்சளே இல்லாத மஞ்சக்காமாலையை உலகத்தில் நம் ஆட்களால் மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும். ஆளாளுக்குக் கீழாநெல்லியைப் பறித்துக்கொண்டு வந்தார்கள். உப்பு இல்லாமல், எண்ணெய் இல்லாமல் நாற்பத்தெட்டு நாள் பத்தியம் இருந்து எட்டு கிலோ இளைத்தான். கிருமிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது சௌக்கியமாக இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் இந்த நோய்க்கென்று இருந்த ஆலோசகர் அனுசியாதான் அவனை உட்கார வைத்து ஒரு தாளின் நடுவே கோடு கிழித்தார். ஒரு பக்கம், இதனால் பரவும்: ரத்தம், அடுத்தவருக்குக் குத்திய ஊசி, அடுத்தவர் சவரம் செய்த பிளேடு, பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு, உடலுறவு. மறுபக்கம், இதனால் பரவாது: சாப்பாடு, தண்ணீர், டம்ளர், தொடுவது, கட்டிப்பிடிப்பது, இருமல், ஒரே பாயில் படுப்பது. "தண்ணியில பரவுற காமாலை வேற. அது வரும், பெரும்பாலும் தானாப் போயிரும். ஊர்ல எல்லாத்தையும் ஒரே பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க, அதான் குழப்பம்" என்றார். அவனுக்கு அது போகாது, ஆனால் தினமும் ஒரு மாத்திரையில் அடக்கி வைக்கலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொண்டால் நன்றாக வாழலாம் என்றும் சொன்னார். மாத்திரை அங்கேயே இலவசம். அந்தத் தாளைச் சென்னய்யா பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். இன்றைக்கும் இருக்கிறது.

தாள் அவன் பையில் இருந்து என்ன பிரயோசனம்? ஊருக்குத் தெரிய வேண்டுமே. தறியில் ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடுகிற மரக்கட்டைக்கு நாடா என்று பெயர். அதன் துளையில் நூலை வாயால் உறிஞ்சி இழுப்பது எல்லோருக்கும் பழக்கம். அடுத்த ஷிப்டுக்கு வரும் சதீஸ்குமார், சென்னய்யா வாய் வைத்த நாடாவில் தான் வாய் வைக்க மாட்டேன் என்றான். முதலாளி என்ன செய்தார் தெரியுமா? சென்னய்யாவின் இரண்டு நாடாவிலும் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்தார். காலையில் வந்து சென்னய்யா அதைப் பார்த்தான். நேரே போய் அந்தப் பெயின்ட் டப்பாவை எடுத்தான். கூடத்தில் இருந்த அத்தனை நாடாவுக்கும் அடித்தான். பன்னிரண்டு தறியிலும் சிவப்பு.

"இப்ப எது என்னுதுன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்றான்.

அன்றைக்கு அரை நாள் வேலை நின்றது. முதலாளி கத்தித் தீர்த்த பிறகு சென்னய்யா தன் பையிலிருந்து, நூல் இழுக்க மெல்லிய கம்பியில் வளைத்த கொக்கிகளை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தான். வாயால் உறிஞ்சினால் அவன் நோய் வராது, ஆனால் பஞ்சுத் தூசி எல்லோர் நெஞ்சுக்கும் போகும், அதனால் யாருமே உறிஞ்ச வேண்டாம் என்றான். இப்போது அந்தக் கூடத்தில் கொக்கிதான். சதீஸ்குமார் ஒரு தடவை தன் கொக்கியைத் தொலைத்துவிட்டுச் சென்னய்யாவிடமே கடன் கேட்டான். கொடுத்தான். நன்றாகச் சொல்லிக்காட்டிவிட்டுத்தான் கொடுத்தான்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் மறைக்கவில்லை. காபி கொண்டுவந்த அஷ்வினியிடமே தாளை நீட்டினான். அவள் இரண்டு பக்கமும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எனக்குத் தடுப்பூசி எங்க போடணும்?" மூன்று ஊசியும் போட்ட பிறகுதான் தாலி கட்டினான்.

சுபத்ராவைக் கேட்டு வந்தபோது மாப்பிள்ளை பாலமணிகண்டன் வீட்டிலும் சொன்னான். பாலமணிகண்டனின் அண்ணன் சங்கர்தான் அந்த வீட்டில் எல்லாம். டவுனில் நூல் கடை வைத்திருக்கிறவர். "மஞ்சக்காமாலைதான? சரியாப் போயிரும்" என்று கையை ஆட்டிவிட்டார். அவர் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். மற்றதெல்லாம் கல்யாணப் பேச்சு இரைச்சலில் போய்விட்டது.

நாலு வருடம் அப்படியே ஓடியது. போன மாதம் நெசவாளர் தெருவில் ஒரு விழிப்புணர்வு முகாம் போட்டார்கள். மைக்கைக் கொடுத்ததும் சென்னய்யா பூசி மெழுகாமல் பேசினான். "எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு. சாகுற வரைக்கும் இருக்கும். ஆனா அதனால சாக மாட்டேன். எங்கூட ஒக்காந்து சாப்பிட்டா ஒங்களுக்கு வராது. தெரியாதவன் ரத்தம் பட்ட பிளேடுல செரைச்சா வரும்." கைதட்டினார்கள். யாரோ வீடியோ எடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவிட்டு அது சங்கரிடம் வந்து சேர்ந்தபோது, 'சாகுற வரைக்கும் இருக்கும்' என்ற ஒரு வரி மட்டும்தான் வெட்டப்பட்டு மிச்சமிருந்தது.

பத்திரிகையைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு சென்னய்யா நூல் கடைக்குப் போனான்.

"வாங்க, வாங்க" என்றார் சங்கர். டீ சொன்னார். டீ வந்தது. அவருக்குக் கண்ணாடிக் கிளாஸில். சென்னய்யாவுக்குப் பேப்பர் கப்பில்.

"பத்திரிக்க தபால்ல வந்துச்சு மச்சான்."

"அலைச்சல் ஜாஸ்தி சென்னய்யா. தப்பா எடுத்துக்கிராதீக."

"தாய்மாமன் பேரும் மாறி வந்துருக்கு."

சங்கர் நூல் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீங்க வாங்க. மொத வரிசையில ஒக்காருங்க. விருந்து சாப்பிடுங்க. மடி மட்டும் வேணாம். காது குத்துனா ரத்தம் வரும்ல? ஒங்க மடியில வச்சு ரத்தம் வர்ற காரியத்தப் பண்ணலாமா? நீங்கதான மைக்குல பேசுறீக, நீங்களே சொல்லுங்க."

"ரத்தம் வரப்போறது அவ காதுல. என் மடியில என்ன ஓட்டையா இருக்கு?"

"ஏங்க, சின்னப் புள்ளைங்க."

"அந்தச் சின்னப் புள்ளைக்குப் பொறந்த அன்னைக்கே மொத ஊசி போட்டாச்சு. அப்புறம் மூணு. வீட்டுல கார்டு இருக்கும், எடுத்துப் பாருங்க. என் ரத்தத்த அவ மேல ஊத்துனாக்கூட அவளுக்குக் காவல் இருக்கு."

"கார்டு கெடக்கட்டும். நாலு பேரு வர்ற எடம். சபைக்குன்னு ஒரு மரியாத இருக்குல்ல?"

அதுதான் சங்கதி. பிள்ளையின் உடம்பு இல்லை, சபையின் மரியாதை. சென்னய்யாவுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. எழுந்துவிட்டான். எழுந்தவனுக்கு ஏதோ தோன்றியது.

"குத்தப்போறது யாரு?"

"முத்துமணி ஆசாரியாருதான். பங்காளி வீட்டுப் புள்ளைக பதினோரு பேருக்கும் சேத்து ஒரே நாள்ல."

"எத்தன ஊசி?"

"ஒரே ஊசிதான்" என்றார் சங்கர், அதைப் பெருமையாகவே சொன்னார். "அவுகப்பா காலத்துத் தங்க ஊசி. ராசியான ஊசி."

சென்னய்யா சிரித்துவிட்டான். பேப்பர் கப்பைத் தொடவில்லை. சிரித்துக்கொண்டே படியிறங்கியவனைச் சங்கர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் சுபத்ரா போன் செய்தாள். பேசுவதற்கு முன்னாலேயே அழுதாள்.

"எனக்குத் தெரியாதுண்ணே. அடிச்சு வந்தப்புறந்தான் பாத்தேன். இவுகளும் அவுக அண்ணனை எதுத்துப் பேச மாட்டேங்குறாக."

"சரி, அழுகாத. நீ என்ன நெனைக்கிற, அதச் சொல்லு."

"நீ வரணும்ணே."

"வாரேன். மடி?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு அவனுக்கு வலித்தது. தெரு பயந்ததும், முதலாளி பெயின்ட் அடித்ததும் இப்படி வலிக்கவில்லை. தலை பின்னிவிட்ட பிள்ளை பேசாமல் இருந்தது வலித்தது.

வியாழக்கிழமை மாத்திரை நாள். மாதத்தில் இரண்டாவது வியாழன் அன்று சுற்று வட்டாரத்தில் இருந்தெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் வருவார்கள். முன்பெல்லாம் மாத்திரையை வாங்கி முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு தலை குனிந்து போய்விடுவார்கள். சென்னய்யாதான் ஒவ்வொருவரையாக வழிமறித்து எதிர் டீக்கடைக்கு இழுத்து வந்தான். இப்போது எட்டுப் பேர் ஆகிவிட்டது. டீ மாஸ்டர் அவர்களுக்கு 'வியாழக்கிழமை ஆளுக' என்று பெயர் வைத்திருக்கிறார். யாருக்கு எந்தப் பரிசோதனை எப்போது, யார் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், யார் திரும்ப மது குடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்று எல்லாம் அந்தப் பெஞ்சில் வெளிவந்துவிடும். மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு அங்கே மரியாதை கிடையாது. பேப்பர் கப்புக்கும் கிடையாது. கண்ணாடிக் கிளாஸில்தான் டீ.

நரிக்குடிப் பக்கத்துப் பொன்னுத்தாய் அக்கா ஆடு வளர்க்கிறவர். நோய் தெரிந்ததும் அவர் ஆட்டுப்பாலை வாங்க ஊரில் ஆள் இல்லாமல் போயிற்று. பந்தல்குடி பாண்டிராஜ் வண்டி ஓட்டுகிறவர். அவருக்கு இருந்தது ஹெபடைடிஸ் சி. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு அவருக்கு முழுக்கக் குணமாகிவிட்டது. இருந்தும் வியாழன் தவறாமல் வருகிறார். "குணமானவனுக்கு இங்க என்ன வேல?" என்று கேட்டால், "டீ நல்லாருக்கு" என்பார்.

சென்னய்யா பத்திரிகையைப் பெஞ்சில் போட்டான். நடந்ததைச் சொன்னான். டீ ஆறியது.

மாத்திரைக் கணக்கு எழுத வந்திருந்த அனுசியா, "கோபப்படாதீங்க. நோட்டீஸ் தர்றேன், பொறுமையா எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

"எடுத்துச் சொல்றதா?" பொன்னுத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. "எம் பாலக் காச்சித்தான குடிக்கிறீகன்னு எங்கூர்ல தொண்டத் தண்ணி வத்தச் சொன்னேன். கேட்டாகளா? தம்பி, நாங்களும் வாரோம். பதினோரு புள்ளைக்கு ஒரே ஊசியாம்ல. அதப் பாக்கவாச்சும் வரணும்."

"வண்டி நான் எடுத்துட்டு வாரேன்" என்றார் பாண்டிராஜ்.

மருந்துக்கடையில் உறை பிரிக்காத ஊசி இருபது வாங்கினார்கள். குத்தி முடித்த ஊசியைப் போட ஒரு கனத்த டப்பா அனுசியா கொடுத்தார். நோட்டீஸும் கொடுத்தார். சண்டை வேண்டாம் என்று இன்னொரு தடவை சொன்னார். சென்னய்யா தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை நம்பலாகாது என்று அஷ்வினிக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை. திருச்சுழிச் சாலையிலிருந்து பிரிந்து, விதைப்புக்கு மழையை எதிர்பார்த்துக் கிடந்த கரிசல் காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் போனால் கோயில். சுற்றிலும் சீமைக்கருவேலம். நடுவில் சாமியானா, ஒலிபெருக்கி, அண்டாவில் சாம்பார். தாய்மாமன் சீரைத் தட்டுத் தட்டாக எடுத்துக்கொண்டு அஷ்வினி முன்னால் நடந்தாள். பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, பழம், பூ, தங்கத் தோடு. பின்னால் வியாழக்கிழமை ஆட்கள் ஐந்து பேர். பத்திரிகையில் பெயர் இல்லாதவனின் சீர் இவ்வளவு தட்டா என்று சிலர் எண்ணினார்கள். எண்ணட்டும் என்றுதான் அத்தனை தட்டு.

மொட்டை முதலில் நடந்தது. முடி எடுக்க வந்தவர் டவுனில் சலூன் வைத்திருக்கிறவர். ஆளுக்கொரு பிளேடு மாற்றினார். அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பிறகு முத்துமணி ஆசாரி பலகை போட்டு உட்கார்ந்தார். எழுபதை நெருங்கிய மனிதர். அருப்புக்கோட்டை நெசவுத் தெருக்களில் பாதிக் காது அவர் குத்தியது. சிவப்புத் துணியைப் பிரித்துத் தங்க ஊசியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேங்காய் எண்ணெயில் தொட்டுத் துணியில் துடைத்தார்.

மூத்த வீடு என்பதால் முதல் காது சங்கரின் சின்ன மகளுக்கு. அந்தப் பிள்ளையின் தாய்மாமன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்காரப் போனபோது, சென்னய்யா அவருக்கு முந்திப் போய் ஆசாரிக்கு எதிர்ப் பலகையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆசாரியாரே, மொதல்ல எனக்குக் குத்துங்க."

"ஒனக்கா? சின்னதுல ஒனக்கு நாந்தானப்பா குத்துனேன்?"

"இன்னொரு ஓட்ட போடுங்க."

கூட்டம் சிரித்தது. சென்னய்யாவும் சிரித்தான். காதைத் திருப்பிக் காட்டினான்.

"நல்லா ரத்தம் வர்ற மாதிரி குத்துங்க. குத்திட்டு, அதே ஊசியத் துணியில தொடச்சிட்டு, சங்கர் மச்சான் மகளுக்குக் குத்துங்க."

சிரிப்பு நின்றது. சங்கரின் மனைவி பிள்ளையை வெடுக்கென்று இழுத்துச் சேலைக்குள் பொத்திக்கொண்டார். சங்கர் பாய்ந்து வந்தார்.

"ஏலே! என்னலே பேசுற? எம் புள்ள உசுரோட வெளையாடுறியா?"

'வாங்க போங்க' எல்லாம் பறந்துவிட்டது. சென்னய்யா எழுந்திருக்கவில்லை.

"ஏன் மச்சான் பதறுறீக? இத்தன நாளா என் மடியப் பாத்துப் பயந்தீக. இப்பத்தான் ஊசியப் பாத்துப் பயப்படுறீக. இப்பத்தான் சரியான எடத்துல பயப்படுறீக."

ஒலிபெருக்கிக்காரர் தானாகவே பாட்டை நிறுத்தினார்.

"என் ரத்தத்துல இருக்குன்னு எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும், நான் மைக்குல சொன்னேன். இந்தப் பந்தல்ல இருக்குற மத்தவுக ரத்தத்துல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? முப்பத்தோரு வருசம் எனக்கே தெரியாது. காய்ச்சல் இல்ல, மஞ்சள் இல்ல. பதினோரு புள்ளையில ஒண்ணுக்கு இருந்தாப் போதும், அடுத்ததுக்கு இந்த ஊசி கொண்டுபோயிக் குடுத்துரும்."

"தடுப்பூசி போட்டாச்சுன்னு நீங்கதான சொன்னீக?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"பி-க்குப் போட்டாச்சு. சி-ன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குத் தடுப்பூசியே கெடையாது. இந்தா நிக்கிறாரு பாரு, பாண்டிராஜண்ணன். அவருக்கு இருந்துச்சு."

எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் பாண்டிராஜ் கூச்சத்தோடு கையை உயர்த்தினார். "எனக்கு சரியாயிருச்சுங்க" என்றார்.

ஆசாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அம்பது வருசமாக் குத்துறேன். ஒரு காது சீப்பிடிச்சதில்ல. எங்கய்யா குடுத்த ஊசிப்பா இது."

"காதுல தெரியாது ஆசாரியாரே. ஈரல்ல தெரியும், இருவது வருசம் கழிச்சு."

பெரியவர் ஊசியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். குரல் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி இறங்கியது.

"அப்ப ஒனக்கு... என் ஊசியாலதான் வந்துச்சா?"

சென்னய்யாவின் கோபம் அந்த இடத்தில்தான் கொஞ்சம் தணிந்தது. பொய் சொல்ல அவனுக்கு விருப்பம் இல்லை, அந்த மனிதரை நோகடிக்கவும் விருப்பம் இல்லை.

"தெரியாதுய்யா. எங்கம்மாகிட்ட இருந்து வந்துருக்கலாம். யாரோ ஒரு வைத்தியர் போட்ட ஊசியில வந்துருக்கலாம். இதுலயும் வந்துருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது. ஒங்க மேல குத்தம் சொல்ல வரல. அப்ப யாருக்கும் தெரியாது. இப்பத் தெரியும்ல?"

ஆசாரி ஊசியை இன்னொரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தங்க ஊசியைச் சிவப்புத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். கையை நீட்டினார்.

"குடு, ஒன் ஊசிய."

சென்னய்யா பலகையை விட்டு எழுந்தான். பொன்னுத்தாய் முதல் உறையைக் கிழித்தார். ஆசாரி சோப்புப் போட்டுக் கைகழுவி வந்தார். சங்கரின் மகளுக்குப் புது ஊசி. குத்தியதும் ஊசி டப்பாவுக்குள் விழுந்தது. இரண்டாவது பிள்ளைக்கு இன்னொன்று. சங்கர் ஓரமாக நின்று பார்த்தார். எதைச் சொல்லி எதிர்ப்பது? கூடாது என்று சொன்னால் பழைய ஊசியைக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். ஆனால் மூன்றாவதாக ரோஷினி பெயரைக் கூப்பிட்டதும் அவர் பலகையின் அருகே வந்து நின்றார். ஊசியில் தோற்றவர் மடியிலாவது ஜெயிக்க வேண்டாமா?

"அசோக்கு, வந்து ஒக்காருப்பா" என்றார்.

அசோக் வந்து உட்கார்ந்தான். சென்னய்யா ஒதுங்கியே நின்றான். ஊசிக்காகச் சண்டை போடலாம், அது ஊருக்கான சண்டை. மடிக்காக அவனே போய்ச் சண்டை போட முடியாது. அதைக் கேட்டு வாங்கினால் அது மடி இல்லை. சட்டைப்பையில் இருந்த தாளைப் பிடித்துக்கொண்டான்.

சுபத்ரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பட்டுப் பாவாடை, மொட்டைத் தலையில் சந்தனம். சென்னய்யா கொண்டுவந்த கொலுசு ஏற்கனவே காலில் இருந்தது. அசோக் இரண்டு கையையும் நீட்டினான். சுபத்ரா அவனைத் தாண்டி நடந்தாள். அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"ஒக்காருண்ணே."

"சுபத்ரா..." என்றான் பாலமணிகண்டன்.

"பத்திரிக்க அடிச்சவுக நீங்க. பெத்தவ நான்." அவள் குரல் உடைந்திருந்தது, ஆனால் சாமியானாவின் கடைசி வரிசை வரை கேட்டது. "எட்டாப்பு வரைக்கும் எனக்குத் தல பின்னிவிட்ட மடி அது. அந்த மடியில ஒக்காந்து எனக்கு எந்த நோயும் வரல. எம் புள்ளைக்கும் வராது. இல்லேன்னா இன்னைக்குக் காதே குத்த வேணாம். நான் போறேன்."

பாலமணிகண்டன் அண்ணனைப் பார்த்தான். நாலு வருடத்தில் முதல் தடவையாக, பார்த்துவிட்டு அண்ணனிடம் எதுவும் கேட்காமல் திரும்பிவிட்டான். "ஒக்காருங்க மச்சான்" என்றான் சென்னய்யாவிடம்.

அசோக் துள்ளி எழுந்தான். "அப்பாடா. எனக்குப் புள்ளையத் தூக்கவே தெரியாதுண்ணே. காலையில தலகாணிய வச்சுப் பழகிப் பாத்தேன்" என்றான். பொன்னுத்தாய் சத்தம் போட்டுச் சிரித்தார். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

சென்னய்யா உட்கார்ந்தான். சுபத்ரா பிள்ளையை மடியில் வைத்தாள். சபையிடம் தமிழில் பேசியவள் பிள்ளையிடம் தெலுங்கில் கொஞ்சினாள். அஷ்வினி உறையைக் கிழித்து ஊசியை ஆசாரியிடம் நீட்டினாள். குத்தியதுதான் தாமதம், ரோஷினி வீறிட்டாள். மாமன் கையைப் பிடித்து இருக்கிற பல்லால் எல்லாம் கடித்தாள். கடித்த இடம் சிவந்தது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் 'அய்யோ' என்றார்கள். சென்னய்யா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவன் அதைத் துடைக்கவும் இல்லை.

தோட்டைப் பூட்டி முடித்தபோதுதான் சங்கர் அதைப் பார்த்தார். ரோஷினியின் காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் சென்னய்யாவின் வெள்ளை வேட்டியில் விழுந்து, பொட்டு வைத்த மாதிரி பரவியிருந்தது.

"சென்னய்யா, வேட்டியில ரத்தம்" என்றார், வழக்கமான பதற்றத்தோடு.

"வீட்டுக்குப் போனதும் ஊற வச்சு அலசிருவேன். யாரு ரத்தமா இருந்தாலும் எங்க வீட்டுல அதுதான் சட்டம்" என்றாள் அஷ்வினி.

ஐந்து வருடமாக ஊரே அவன் ரத்தத்தைப் பார்த்துப் பயந்திருந்தது. சென்னய்யா குனிந்து வேட்டியைப் பார்த்தான். விசும்பிக்கொண்டிருந்த பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான்.

"இருக்கட்டும் மச்சான்" என்றான். "எங்க ரத்தந்தான்."